சூளை ஊர்கள் – 17: பர்ஸ்லத்தின் இன்னொரு தட்டு

2025 மே 9 அன்று இங்கிலாந்தின் பர்ஸ்லம் கடைத்தெருவில் ஒரு சிலையைத் திறந்து வைத்தார்கள். போன வாரம்வரை நாம் பேசிக்கொண்டிருந்த பீங்கான் முதலாளி ஜோசையா வெட்ஜ்வுட்டின் சிலை அல்ல அது. அவர் 1863-லிருந்து ஸ்டோக் பக்கம், கையில் ஒரு பூச்சாடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். புதிதாக வந்து நிற்பவர் லெம்மி. மோட்டர்ஹெட் என்ற ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கியவர், அதன் பாடகர், பேஸ் கிதார்க்காரர். சிலையைச் செய்தவர் ஆண்டி எட்வர்ட்ஸ். லெம்மியின் அஸ்தியில் ஒரு பங்கும் அங்கே வைக்கப்பட்டது. அதை எடுத்து வந்தவர், அதே குழுவில் முப்பது ஆண்டுக்கு மேல் கிதார் வாசித்த ஃபில் கேம்பல்.

பீங்கான் ஊர்களின் கதையை எழுத வந்தவன் பாட்டுக்காரனிடம் எதற்குப் போகிறான் என்று விருத்தாசலத்து வாசகர்கள் கேட்கலாம். செராமிக் தொழிற்பேட்டையில் ஃப்யூஸ் கேரியரும் கொலு பொம்மையும் செய்து பழகியவர்கள் கேட்கத்தான் வேண்டும். என் பதில் இது: தொழில் ஓய்ந்த ஊர் அடுத்து யாரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது என்பதும் அந்த ஊரின் வரலாறுதான். பர்ஸ்லம் உள்பட ஸ்டோக் நகரத்தின் ஆறு ஊர்களிலும் சேர்த்து ஒரு காலத்தில் பாட்டில் வடிவச் சூளைகள் 2000-க்கு மேல் இருந்தன. இப்போது நிற்பவை ஐம்பதுக்கும் குறைவு. அவற்றிலும் புகை இல்லை. பர்ஸ்லத்தில் ராயல் டோல்டனின் நைல் தெருத் தொழிற்சாலை 2005-ல் மூடப்பட்டது. வெட்ஜ்வுட் நிறுவனமே 2009-ல் திவாலானது. டோல்டன் ஆலை மூடி இருபது ஆண்டு கழித்து அந்த ஊர் தேடிப் பிடித்த மகன்தான் லெம்மி.

உள்ளதைச் சொன்னால், மகன் என்ற உரிமை கொஞ்சம் இழுத்துப் பிடித்ததுதான். இயன் ஃப்ரேசர் கில்மிஸ்டர் 1945 டிசம்பர் 24-ல் பர்ஸ்லத்தில் பிறந்தார். பிரிட்டிஷ் விமானப்படையில் பாதிரியாராக இருந்த அப்பா, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவும் பாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நியூகாசில்-அண்டர்-லைமுக்கும், பிறகு மேட்லிக்கும் போனார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டதும் பத்து வயதுப் பையன் வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சீ தீவுக்குப் போனான். களிமண்ணில் கை வைத்தவன் இல்லை. இளமையில் அவன் தொழிற்சாலையைப் பார்த்ததெல்லாம் துணி துவைக்கும் இயந்திரம் செய்யும் ஹாட்பாயின்ட் ஆலையில்தான். அங்கேயும் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. பதினாறு வயதில் லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் பாடுவதைக் கேட்டவனுக்கு அதற்கப்புறம் எந்த ஆலையில் மனம் ஒட்டும்?

1967-ல் லண்டனுக்கு வந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸ் குழுவுக்குச் சாமான் சுமக்கும் வேலை பார்த்தார். அடுத்து வந்தது நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு கட்டம். மலேசியாவில் பிறந்த சாம் கோபால் என்ற தபலாக் கலைஞர் லண்டனில் தன் பெயரிலேயே ஒரு குழு வைத்திருந்தார். அதில் டிரம்ஸ் கிடையாது, தபலாதான் தாளம். அந்தக் குழுவில் பாடகராகவும் கிதார்க்காரராகவும் லெம்மி சேர்ந்தார். 1969-ல் வந்த ‘எஸ்கலேட்டர்’ என்ற ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியதும் அவர்தான். பின்னாளில் உலகிலேயே அதிக இரைச்சலான குழு என்று பெயர் வாங்கிய மனிதர், தபலாவுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகப் பாடுவதை அந்தத் தட்டில் இன்றும் கேட்கலாம். தேடிக் கேளுங்கள். பாட்டு சுமார்தான், ஆனால் குரலில் அந்தச் சரளை அப்போதே இருக்கிறது.

1971-ல் ஹாக்வின்ட் என்ற குழுவில் சேர்ந்தார். கிதார் வாசிக்கலாம் என்று நினைத்துத்தான் போனார். ஆனால் முன்பு இருந்த பேஸ் கலைஞர் வரவில்லை, அவருடைய பேஸ் கிதார் மட்டும் வண்டியில் கிடந்தது. அதுவரை பேஸைத் தொட்டதே இல்லை என்றாலும் எடுத்து வாசித்தார். நாலு தந்தி உள்ள பேஸை ஒவ்வொரு சுரமாகத் தட்டுவதுதான் வழக்கம். லெம்மியோ தனக்குத் தெரிந்த கிதார்க்காரர் பாணியில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து அடித்தார். வாத்தியம் ரிக்கன்பேக்கர், ஒலிபெருக்கி மார்ஷல். அடியொலியையும் உச்சியொலியையும் குறைத்துவிட்டு நடுவொலியை முறுக்கி ஏற்றினார். மோட்டர்ஹெட்டின் ஒலியில் பாதி அன்றைக்கே பிறந்துவிட்டது. தெரியாத வாத்தியத்தைத் தெரிந்த முறையில் வாசித்ததால் வந்த ஒலி அது.

ஹாக்வின்டில் அவர் பாடிய ‘சில்வர் மெஷின்’ 1972-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 3-வது இடம் பிடித்தது. மூன்று ஆண்டு கழித்து, 1975 மே மாதம், அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழைகிற இடத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டார். கொகெயின் என்று நினைத்துக் கைது செய்தார்கள், பார்த்தால் ஆம்ஃபெடமின். வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். டொரன்டோ கச்சேரிக்கு வரவழைத்து வாசிக்கவைத்த கையோடு குழு அவரை வேலையை விட்டு நீக்கியது. ஹாக்வின்டுக்காகக் கடைசியாக எழுதிய பாட்டின் பெயரையே தான் தொடங்கிய புதுக் குழுவுக்கு வைத்தார். அதுதான் மோட்டர்ஹெட். முதலில் அவர் நினைத்திருந்தது ஒரு வசைச் சொல். அந்தப் பெயரோடு தொலைக்காட்சிப் பக்கமே போக முடியாது என்று மேலாளர் டக் ஸ்மித் தடுத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது அவர்களுடைய இரண்டாவது ஆல்பமான ‘ஓவர்கில்’லைப் பற்றி. ஆனால் முதலாவதைத் தாண்டிப் போக முடியாது. அதுவும் எது முதலாவது என்பதிலேயே வில்லங்கம். 1975-76 குளிர்காலத்தில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்காக ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். நிறுவனம் கேட்டுப் பார்த்தது, பிடிக்கவில்லை, அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டது. அதற்குள் குழுவிலும் ஆள் மாறினார்கள். டிரம்ஸுக்கு ஃபில் டெய்லர், கிதாருக்கு எடி கிளார்க். மோட்டர்ஹெட் என்றால் ரசிகர்கள் மனதில் வருகிற மூவர் அணி இதுதான்.

இந்த மூவரும் 1977 ஏப்ரலில் கலைந்துவிடுவதாக முடிவு செய்திருந்தார்கள். காசு இல்லை, கச்சேரி இல்லை, பத்திரிகைகளில் நல்ல வார்த்தை இல்லை. லண்டன் மார்க்கீ கிளப்பில் ஒரு விடைபெறும் கச்சேரி. அதைப் பதிவு செய்து வைக்கலாமே என்று சிஸ்விக் என்ற சின்ன நிறுவனத்தை நடத்திய டெட் கேரலிடம் கேட்டார்கள். அது கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக, கென்டில் உள்ள எஸ்கேப் ஸ்டூடியோவில் இரண்டு நாள் தருகிறேன், ஒரு சிங்கிள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் கேரல். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், ஒரு பாட்டுக்குப் பதில் பத்துக்கு மேல் பாட்டுகளுக்கு வாத்தியப் பகுதி தயாராக இருந்தது. கேரல் கேட்டார், மீதிக்கும் காசு கொடுத்தார். ‘மோட்டர்ஹெட்’ என்ற பெயரிலேயே வந்த அந்த ஆல்பம் 43-வது இடம்வரை போனது. கடைசி மூச்சில் கிடந்த குழுவுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் உள்ளே இருந்த சரக்கு பெரும்பாலும் பழையது. ஹாக்வின்ட் காலத்துப் பாட்டும், அலமாரியில் கிடந்த ஆல்பத்தின் பாட்டும்தான் திரும்ப வந்தன. இந்த மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்த இசை இன்னும் தட்டில் ஏறவில்லை.

ஆகவே ‘ஓவர்கில்’ கணக்குக்கு இரண்டாவது. உழைப்பைக் கணக்குப் பார்த்தால் மூன்றாவது. இந்த மூவரின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் அதுவே முதலாவது. இரண்டாவது ஆல்பத்தில் பெரும்பாலான குழுக்கள் திணறுவதற்குக் காரணம், முதல் ஆல்பத்துக்கு இருபது வயதுவரை சேர்த்து வைத்த பாட்டெல்லாம் இருக்கும். இரண்டாவதுக்கு ஆறு மாதம்தான் இருக்கும். மோட்டர்ஹெட்டுக்கு இது தலைகீழாக நடந்தது. மிச்சம் மீதியெல்லாம் முதல் ஆல்பத்தில் கழிந்துவிட்டது. புதுப் பாட்டுகளில் சிலவற்றை 1978-லேயே கச்சேரிகளில் வாசித்துத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு டக் ஸ்மித் மறுபடி மேலாளராக வந்து, பிரான்ஸ் ரெக்கார்ட்ஸிடம் ஒரே ஒரு சிங்கிளுக்கு ஒப்பந்தம் வாங்கினார். யூரையா ஹீப் குழுவை வளர்த்த ஜெர்ரி பிரானின் நிறுவனம் அது. ‘லூயி லூயி’ என்ற பழைய பாட்டை மோட்டர்ஹெட் தன் பாணியில் வாசித்தது. 68-வது இடம். சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் அதை வைத்து அக்டோபரில் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஏறிவிட்டார்கள். வாரம் தவறாமல் நாடே பார்த்த நிகழ்ச்சி; நமக்கு ஒளியும் ஒலியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான் நிறுவனம் அதன் பிறகு முழு ஆல்பத்துக்குக் காசைத் திறந்தது.

1978 டிசம்பரில் பதிவு தொடங்கியது. 1979 ஜனவரியிலும் நீடித்தது. அந்தக் குளிர்காலத்தை பிரிட்டனில் இன்றும் மறக்கமாட்டார்கள். லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம், குப்பை அள்ளுபவர்கள் வேலைநிறுத்தம். லண்டன் சதுக்கங்களில் குப்பை மலைபோலக் குவிந்தது. மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி கவிழ்ந்து மார்கரெட் தாட்சர் வந்தார். நம் தொடரின் கண்ணில் இன்னொன்றும் படுகிறது. அதே 1978 ஆகஸ்டில்தான் ஸ்டோக்கின் லாங்டனில் கடைசிமுறையாக ஒரு பாட்டில் சூளையைக் கொளுத்தினார்கள். 1956-ன் காற்றுத் தூய்மைச் சட்டத்துக்குப் பிறகு நிலக்கரிச் சூளைகள் ஒவ்வொன்றாக எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் வழிவிட்டிருந்தன. பர்ஸ்லத்துப் பிள்ளை லண்டனில் இரைச்சலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பிறந்த வட்டாரத்தில் நெருப்பு அடங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பதிவு நடந்த இடங்களில் முக்கியமானது லண்டன் சாக் ஃபார்மில் இருந்த ரவுண்ட்ஹவுஸ் ஸ்டூடியோ. பக்கத்திலேயே ரவுண்ட்ஹவுஸ் அரங்கம். பழைய ரயில் எஞ்சின் கொட்டகையைக் கச்சேரி மண்டபமாக மாற்றிய இடம் அது. ‘சில்வர் மெஷின்’ பாட்டின் மூலப் பதிவு 1972-ல் அந்த அரங்கில்தான் நடந்தது. 1975 ஜூலை 20-ல் மோட்டர்ஹெட்டின் முதல் கச்சேரியும் அங்கேதான். மூன்றாவது முறை அந்த வாசலுக்கு வந்தபோது லெம்மிக்கு வயது 33. ராக் இசைக்கு அது இளமை இல்லை.

தயாரிப்பாளராக அமர்த்தப்பட்டவர் ஜிம்மி மில்லர். பெயரைக் கேட்டதும் குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 1968-ன் ‘பெகர்ஸ் பேங்க்வெட்’ தொடங்கி 1973-ன் ‘கோட்ஸ் ஹெட் சூப்’ வரை ரோலிங் ஸ்டோன்ஸின் ஐந்து ஆல்பங்களைத் தயாரித்த அமெரிக்கர். ஆனால் 1978-ல் அவர் இறங்குமுகத்தில் இருந்தார். போதை அவரைப் பாதி தின்றிருந்தது. எழ முடியாத தயாரிப்பாளரும் எழவே விடப்படாத குழுவும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மில்லர் செய்த நல்ல காரியம், மூன்று பேரின் இரைச்சலை அடக்காமல் பிரித்துக் கேட்கவைத்தது. முதல் ஆல்பத்தில் எல்லாம் ஒரே குழம்பு. ‘ஓவர்கில்’லில் பேஸ் எங்கே, கிதார் எங்கே, டிரம்ஸ் எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். அதே கையோடு செய்த அடுத்த ஆல்பமான ‘பாம்ப’ரில் மில்லரின் நிலை மோசமானது. ‘ஓவர்கில்’லின்போது நல்ல நேரம் அவரோடு இருந்தது.

தலைப்புப் பாட்டுக்கு வருவோம். இந்த ஆல்பத்தின் சரித்திரமே அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. சாதாரண டிரம்ஸில் பெரிய பேஸ் டிரம் ஒன்று இருக்கும், வலது காலால் மிதிப்பார்கள். இரண்டு வைத்துக்கொண்டு இரண்டு காலாலும் மிதிப்பது புதிது அல்ல. ஜாஸ் இசையில் லூயி பெல்சன் 1940-களிலேயே செய்தார்; ராக்கில் ஜிஞ்சர் பேக்கரும் கீத் மூனும் செய்தார்கள். அவர்களுக்கு அது அலங்காரம், நடுவே ஒரு உருட்டு, தனி ஆவர்த்தனத்தில் ஒரு வேகம். ஃபில் டெய்லர் இரண்டாவது பேஸ் டிரம் வேண்டும் என்று வெகுநாள் ஆசைப்பட்டவர். ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் வாங்கக் கூடாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டிருந்தார். வாங்கிய பிறகு ஒத்திகைக்கு மற்றவர்களுக்கு முன்பே வந்து பழகினார். இரண்டு காலையும் மாற்றி மாற்றி, நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது லெம்மியும் எடியும் உள்ளே வந்தார்கள். நிறுத்தாதே என்றார்கள். ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்து மேலே ஏறிக்கொண்டார்கள். பயிற்சிக்காக ஓட்டிய கால் அப்படியே பாட்டாகிவிட்டது.

கேட்டால் எப்படி இருக்கும்? விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்காத சரக்கு வண்டி நடுராத்திரியில் கடக்கும்போது பிளாட்பாரம் அதிருமே, அந்த அதிர்வு ஐந்து நிமிடம் நீடித்தால் எப்படியோ அப்படி. பாட்டு முடிந்துவிட்டது என்று கேட்பவர் மூச்சு விடும்போது டெய்லர் மறுபடி தொடங்குவார். திரும்ப முடியும், திரும்பத் தொடங்கும். அதுவரை ஹெவி மெட்டலில் கனம் என்பது பெரும்பாலும் நிதானமாக நடப்பது. பிளாக் சபாத் 1970-ல் போட்டுவைத்த நடை அது. கனத்தையும் ஓட்டத்தையும் ஒரே பாட்டில் நிறுத்தாமல் கட்டிக் காட்டியது ‘ஓவர்கில்’. இதைச் சொல்வதால் ஜூடாஸ் ப்ரீஸ்ட் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். 1977-ல் அவர்களுடைய ‘சின் ஆஃப்டர் சின்’னில் சைமன் ஃபிலிப்ஸ் வேகமாக வாசித்தது உண்மைதான். ஆனால் அங்கே வேகம் வித்தைக்காரனின் வேகம். இங்கே பின்னால் எதுவோ துரத்துகிறது.

மீதி ஒன்பது பாட்டையும் வரிசையாக எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ‘ஸ்டே க்ளீன்’னில் கிதாருக்குப் பதில் பேஸ் தனியாவர்த்தனம் எடுக்கிறது. ‘நோ க்ளாஸ்’ஸின் ஆதார மெட்டு ஸீஸீ டாப் குழுவின் ‘டஷ்’ பாட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை என்பது காது உள்ள யாருக்கும் தெரியும். ‘மெட்ரோபோலிஸ்’, ஃப்ரிட்ஸ் லாங்கின் 1927 மௌனப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் லெம்மி எழுதியது. ‘கேப்ரிகார்ன்’ மட்டும் வேகத்தைக் குறைத்து இருட்டில் நடக்கிற பாட்டு. டிசம்பர் 24-ல் பிறந்தவரின் ராசி. ‘டேமேஜ் கேஸ்’ஸில் மட்டும் மிக் ஃபேரன் என்ற பத்திரிகைக்காரருக்கு எழுத்தில் பங்கு உண்டு. எனக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘ஸ்டே க்ளீன்’. மூன்று நிமிடம்கூட ஆகாது, ஆனால் லெம்மியின் இசைமுறை முழுதும் அதற்குள் இருக்கிறது.

அட்டைப்படம் ஜோ பெட்டாக்னோ வரைந்தது. கொம்பும் கோரைப் பல்லும் சங்கிலியும் உள்ள அந்த மிருக முகத்தை 1977 ஆல்பத்துக்கே அவர் உருவாக்கிவிட்டார். இந்த முறை அது வெடித்துச் சிதறுகிறது. முதல் அச்சில் ஒரு பகுதியைப் பச்சை வினைலில் போட்டார்கள். கறுப்புத் தட்டில் விழும் அதே பாட்டுதான், இருந்தாலும் பச்சைத் தட்டு வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மெருகில் நிறம் மாற்றினால் கூடுதல் விலைக்குப் போகும் என்பது பீங்கான்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1979 மார்ச்சில் ஆல்பம் கடைக்கு வந்தது. 24-வது இடம். தலைப்புப் பாட்டு தனிச் சிங்கிளாக 39-வது இடம்வரை போனது. ஜூனில் ‘நோ க்ளாஸ்’ 61. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். அதே ஆண்டு அதே நாட்டில் முதல் இடம் பிடித்த ஆல்பங்கள் எத்தனையோ. அவற்றில் பாதியின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. ‘ஓவர்கில்’லின் வெற்றி வேறு வகை. இரண்டு ஆண்டுக்கு முன் கலைந்துபோகத் தேதி குறித்த குழு, இனி கலைய வேண்டியதில்லை. நாடு முழுதும் கச்சேரிப் பயணம் கிடைத்தது; கூடவே கச்சேரியைத் தொடங்கிவைக்கும் குழுவாக கேர்ல்ஸ்கூல் என்ற பெண்கள் குழு போனது. ‘அடிமட்டம்’ என்று ஒதுக்கிய பத்திரிகைகள் ஊர்ஊராகப் பின்தொடர்ந்தன. அந்த மே மாதம் ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை என்று ஒன்றைப் பிரகடனம் செய்தது. அயர்ன் மெய்டன், சாக்ஸன் எல்லாம் அந்த அலையில் வந்தவர்கள். மோட்டர்ஹெட் வயதில் அவர்களுக்கு அண்ணன். பங்க் ரசிகனும் மெட்டல் ரசிகனும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய தட்டு இது. லெம்மி கடைசிவரை தன்னை மெட்டல்காரன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தான் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லட்டும். கடைக்காரர்கள் தட்டை எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பதுதான் சாட்சி.

ஒன்று நிச்சயம். அந்த 24-வது இடம் இல்லாவிட்டால் 1979 அக்டோபரின் ‘பாம்பர்’ 12-வது இடத்துக்கும், 1980-ன் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ 4-வது இடத்துக்கும், 1981-ன் கச்சேரிப் பதிவு முதல் இடத்துக்கும் போயிருக்காது. எல்லாரும் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ஸைத்தான் சொல்வார்கள். அதைக் கட்டிய மேடை இது. வேடிக்கை பாருங்கள்: மூன்று ஆண்டுக்கு முன் விலைபோகாது என்று அலமாரியில் பூட்டிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், 1979 கடைசியில் தூசி தட்டி அந்தப் பழைய ஆல்பத்தையும் வெளியிட்டது. குழுவுக்குக் கோபம். நிறுவனத்துக்கு வியாபாரம்.

‘ஓவர்கில்’ கடல் தாண்டியும் போனது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1980-ல் தொடங்கிய ஒரு குழு தனக்கு ‘ஓவர்கில்’ என்றே பெயர் வைத்துக்கொண்டு இன்றும் வாசிக்கிறது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய லார்ஸ் உல்ரிக் என்ற பையன் மோட்டர்ஹெட் பின்னால் ஊர்ஊராக அலைந்தான். 1981-ல் அவன் தொடங்கியது மெட்டாலிகா. லெம்மியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக 1995 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் மெட்டாலிகாக்காரர்கள் நால்வரும் லெம்மி வேஷம் போட்டு மேடையேறி ‘ஓவர்கில்’லும் ‘டேமேஜ் கேஸ்’ஸும் வாசித்தார்கள். த்ராஷ் மெட்டல், டெத் மெட்டல் என்று பின்னால் வந்த கிளைகளிலெல்லாம் இரண்டு காலால் ஓட்டுகிற அந்த டிரம்ஸ் அடிப்படையாகிவிட்டது. 1992-ல் சிங்கப்பூரில் கதிர், சிவா, பாலா என்ற மூவர் தொடங்கிய ருத்ரா குழுவும் அந்தக் கிளைகளில் ஒன்றில் வந்ததுதான். உபநிடதங்களையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டலோடு சேர்த்து, அதற்கு வேதிக் மெட்டல் என்று பெயரிட்டவர்கள். அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2001-ல் வந்த ‘தி ஆரியன் க்ரூசேட்’. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு தலைப்பு வைத்தது சென்னையாக இருந்தால் மேடைமேடையாக விவாதம் நடந்திருக்கும். சிங்கப்பூரில் அது ஆய்வாளர்களின் கட்டுரையாகிவிட்டது.

மறுபடி பர்ஸ்லம். 1981 ஆகஸ்ட் 1-ல் அந்த ஊர்க் கால்பந்துக் கழகமான போர்ட் வேலின் மைதானத்தில் ‘ஹெவி மெட்டல் ஹோலோகாஸ்ட்’ என்று நாள்முழுதும் ஒரு கச்சேரி நடந்தது. ஓஸி ஆஸ்பர்ன் உள்பட யார் யாரோ வாசித்தார்கள். கடைசியாக, உச்சத்தில் ஏறியவர்கள் மோட்டர்ஹெட். பிறந்த ஊரில் லெம்மி போட்ட பெரிய கச்சேரி அது. ஊருக்கும் அவருக்கும் இடையில் உருப்படியான தொடர்பு என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். சிலைக்கும் அந்த நாள்தான் அடிப்படை.

‘ஓவர்கில்’ மூவரில் இருவருக்கு 2015 அடுத்தடுத்து முடிவைக் கொண்டுவந்தது. நவம்பர் 11-ல் ஃபில் டெய்லர் இறந்தார். டிசம்பர் 11-ல் பெர்லினில் மோட்டர்ஹெட்டின் கடைசிக் கச்சேரி. நிறைவுப் பாட்டு ‘ஓவர்கில்’. டிசம்பர் 24-ல் லெம்மிக்கு 70 நிறைந்தது. புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள், 28-ல் போய்விட்டார். எடி கிளார்க் 2018 ஜனவரி 10-ல்.

இப்போது பர்ஸ்லத்துக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கறுப்புப் பனியன்காரர்கள். சிலைக்கு முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பக்கத்துத் தெருவில் உள்ள வெட்ஜ்வுட் இன்ஸ்டிடியூட்டின் சுடுமண் முகப்பையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1860-களில் கட்டிய அந்த முகப்பில் மாதங்கள் பன்னிரண்டும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. கீழே வட்டார மண்தொழிலின் ஒவ்வொரு வேலையும். நம் செராமிக் பயிலகத்து மாணவர்கள் யாராவது இங்கிலாந்து போனால் பார்க்க வேண்டிய சுவர் அது. லெம்மிக்காகப் போனாலும் சரிதான்.

அடுத்த வாரம் லாங்டன். 1978 ஆகஸ்டில் கடைசியாகக் கொளுத்திய அந்தச் சூளையையும், அதைப் பதமாக எரிக்க ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட பழைய சூளைக்காரர்களையும் பார்ப்போம்.